எய்தவளை நோவதற்கு முன்

(வில்வித்தைக் குழுவின் சார்பில், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. குற்றம் செய்தவரை விட்டுவிட்டு, அவர் கையில் கருவியாக இருந்தவரைக் கோபித்துக்கொள்ளாதே என்பது அதன் கருத்து. வாழ்க்கைக்கு இது மெத்தச் சரி. ஆனால் வில்வித்தைத் திடலுக்கு இந்தப் பழமொழி அப்படியே பொருந்தாது என்பது, மாதா கெபிக்குப் பின்னால் உள்ள திடலில் மூன்று ஆண்டுகளாக அம்பு எய்து வரும் எங்கள் அறுவரின் துணிபு. அங்கே சில நாட்களில் முதலில் அம்பைத்தான் நோக வேண்டும், அடுத்து வில்லை, எய்தவளைக் கடைசியில்தான். அதிலும் அம்பை மாற்றிய வாரத்தில் எய்தவளை நோவது அநியாயம் என்றே நாங்கள் சொல்வோம்.

இதைப் படிக்கும் தோழியருள் பெரும்பாலோர் எங்கள் வில்லை விளையாட்டு விழாவன்று தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். "இது என்னடி, சைக்கிளைக் கழற்றி வில்லில் மாட்டியதுபோல் இருக்கிறதே!" என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டதில் பிழையில்லை. இதற்குக் காம்பவுண்ட் வில் என்று பெயர். படங்களில் இராமபிரான் ஏந்தியிருக்கும் வில்லைப்போல இது ஒரே வளைவாக இராது. இரு நுனிகளிலும் கேம் எனப்படும் கப்பிகள் இருக்கும். அவை வட்டமானவை அல்ல, வேண்டுமென்றே கோணலாக வெட்டப்பட்டவை. நாணோடு இரண்டு கேபிள்களும் அந்தக் கப்பிகளைச் சுற்றி ஓடும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். இதிலோ பாரம் ஏறி, ஓரிடத்தில் உச்சம் கண்டு, பிறகு சட்டென்று இறங்கிவிடும். 40 பவுண்டு வில்லில் 80 சதவீதம் இறங்கினால், முழுதும் இழுத்த நிலையில் நம் விரலில் தங்குவது 8 பவுண்டுதான். கிணற்று ராட்டினம் குடத்தின் பாரத்தைச் சுலபமாக்குவதை நாம் அறிவோம் அல்லவா? அந்த இனத்துத் தந்திரம்தான் இதுவும். இதனால் நிதானமாக நின்று குறி பார்க்க முடிகிறது. நாணை விடுவதற்கும் விரலை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. ரிலீஸ் என்னும் சிறு கொக்கிக் கருவியைக் கையில் பிடித்துக்கொள்கிறோம்.

இத்தனை வசதி இருக்கையில் அம்பு மாற்றுவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். எங்களைச் சுற்றியிருந்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. நடந்ததைச் சொல்கிறோம்.

எங்களிடம் முதலில் இருந்தவை அலுமினிய அம்புகள். டஜனாக வந்தவை மூன்றாண்டில் ஏழாகச் சுருங்கிவிட்டன. சில வளைந்தன, ஒன்று பலகைச் சட்டத்தில் மோதி நசுங்கியது. இந்நிலையில் பள்ளியின் நலம்விரும்பி ஒருவர், சென்ற கல்வியாண்டில், பன்னிரண்டு கார்பன் அம்புகளை அன்பளிப்பாக வழங்கினார். கறுத்த மேனி, மஞ்சள் இறகு, அசல் கண்ணாடிப் பளபளப்பு. காலை அசெம்பிளியில் அவற்றைத் தூக்கிக் காட்டியபோது ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள்கூடக் கைதட்டினார்கள். அந்தப் பெரியவருக்கு எங்கள் நன்றி என்றும் உரியது. எங்கள் மனக்குறை அவர்மேல் இல்லவே இல்லை. அம்புகள் வந்த நாள்தான் சிக்கலாகிவிட்டது. தெரிவுப் போட்டிக்கு ஒன்பதே நாட்கள் இருந்தன.

எங்கள் குழுவில் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். பெயர் வேண்டாம். பழைய அம்பில் அவள் முப்பது முறை எய்தால் 300-க்கு 270-ஐ ஒட்டி எடுப்பாள். புதிய அம்பை ஏற்றிய முதல் மாலையில் 238 எடுத்தாள். மறுநாள் 241. அம்புகள் ஒன்று வடக்கே, ஒன்று கிழக்கே என்று போயின. பறக்கும்போதே வால் ஆடுவது வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. "வில்லை டியூன் செய்ய நான்கு நாள் கொடுங்கள், இல்லையேல் தெரிவு முடியும்வரை பழைய ஏழு அம்புகளாலேயே எய்கிறோம்" என்று நாங்கள் கேட்டோம். தெரிவுக்குப் பொறுப்பாக வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர் அதற்கு ஒப்பவில்லை. "புது அம்பு வந்த பிறகும் பழையதா? அம்பில் ஒன்றுமில்லை, மனந்தான் அலைபாய்கிறது. வீட்டில் செல்போனை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்" என்றார். அவளிடம் செல்போனே கிடையாது! தெரிவு நாளிலும் அவள் 240-ஐத் தாண்டவில்லை. பட்டியலில் அவள் பெயர் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் அன்று மாலை அம்புகளைத் துடைத்து வைக்கும்போது, "எனக்குக் கவனம் போதாதுதான் அக்கா" என்று அவளே சொன்னாளே, அதைத்தான் எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இல்லாத ஒரு குறையை ஒரு பெண் தன்மேல் ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம் அதுவே.

அம்பு நேராகப் பறக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நீந்தும் மீனைப்போல நெளிந்துகொண்டுதான் போகிறது. 1930-களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படக்கருவியால் இதைப் படம் பிடித்துக் காட்டினார். நாண் பின்னாலிருந்து தள்ளும்போது முனையின் கனம் நகர மறுக்கிறது. நடுவில் அகப்பட்ட தண்டு வளைகிறது. நாணை விட்டு நீங்கியபின் அப்புறமும் இப்புறமும் துடித்துத் துடித்து அடங்குகிறது. விரலால் நாணை விட்டால் இத்துடிப்பு பெரிதும் பக்கவாட்டில் இருக்கும். ரிலீஸ் கொக்கியால் விட்டால் பக்கவாட்டில் குறைந்து மேலும் கீழுமாக இருக்கும். எப்படியானாலும் வளைவு உண்டு. எவ்வளவு வளையலாம் என்பதுதான் கேள்வி. வில்லின் தள்ளுக்கு ஏற்ற அளவு வளையும் அம்பு, சீக்கிரமே அடங்கி ஒழுங்காகப் போகும். மிக விறைத்த அம்பும் ஆகாது, மிகத் துவண்ட அம்பும் ஆகாது.

இந்த விறைப்புக்கு ஸ்பைன் என்று பெயர். அளக்கும் முறை எளிது. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் அம்புத் தண்டைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். தண்டு அரை அங்குலம் தாழ்ந்தால் அதன் எண் 500. அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதே கணக்கு. ஆகவே எண் பெரியதானால் அம்பு துவளும், சிறியதானால் விறைக்கும். கடையில் வாங்குவோர் பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் பழைய அம்பில் 1816 என்று அச்சிட்டிருக்கும். அது தயாரித்த ஆண்டோ என்று ஒரு தோழி வியப்போடு கேட்டாள்! முதல் இரண்டு இலக்கம் குறுக்களவு: அங்குலத்தில் 64-இல் 18 பங்கு. அடுத்த இரண்டும் சுவரின் கனம்: அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு. அந்த அம்பு, மேற்சொன்ன சோதனையில் ஏறத்தாழ முக்கால் அங்குலம் தாழக்கூடியது. எங்கள் தங்கை எய்யும் வில் 40 பவுண்டு, அவள் இழுக்கும் நீளம் 26 அங்குலம். அதற்கு அது தக்க துணை. அன்பளிப்பாக வந்த கார்பன் அம்புகளோ 500 எண் கொண்டவை. வளர்ந்த ஆண்பிள்ளையின் வில்லுக்குப் பொருந்தும் விறைப்பு. தள்ளுகிற வில் அதே பழைய வில். தள்ளப்படுகிற அம்பு மட்டும் முரட்டு அம்பு. அது வளைய மறுத்துவிட்டது.

விறைப்பு ஒன்று மட்டுமா மாறியது? பௌதிக ஆய்வகத்து வெர்னியர் காலிப்பரைச் சிஸ்டரிடம் கேட்டு வாங்கி அளந்தோம். பழைய அம்பு 7.1 மில்லிமீட்டர் பருமன். புதியது ஐந்தரைக்குச் சற்று மேல். வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்டின்மேல் மெல்லிய அம்பு தாழ்ந்து உட்காரும். அதாவது, நாணில் அம்பு மாட்டும் இடம் அதே உயரத்தில் இருக்க, முன்பக்கம் மட்டும் இறங்கிவிடுகிறது. இது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கணக்குத்தான். ஆனாலும் அம்பு தலைகுனிந்து, வால் தூக்கிப் புறப்படுவதற்கு அது போதும். எடையும் குறைந்தது. இலேசான அம்பு வேகமாகக் கிளம்பும், வழியில் குறைவாகவே தாழும், ஆகவே பழைய குறியில் வைத்து எய்தால் மேலே போய்ப் படும். நாணில் கவ்வும் பிளவுக்கு நாக் என்று பெயர். அதுவும் அளவு வேறு. இறுக்கமாகக் கவ்வினால் ஒரு தொல்லை, தளர்ந்தால் வேறு தொல்லை.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. இலேசான அம்பு வேகமாகப் போகிறதே என்று மேலும் மேலும் இலேசாக்கக் கூடாது. வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெயின் எடை அம்பில் இருக்க வேண்டும் என்பது வில் தயாரிப்பாளர்கள் பலரும் வைத்திருக்கும் எல்லை. 40 பவுண்டு வில்லுக்கு 200 கிரெயின், அதாவது ஏறத்தாழ 13 கிராம். அதற்கும் குறைந்தால் வில்லின் பலம் அம்போடு போகாமல் வில்லுக்கே திரும்பும். வெறும் நாணை இழுத்து விடுவது எவ்வளவு ஆபத்தோ, இது அதற்கு அடுத்த படி. வில்லின் கரம் உடைந்து முகத்தில் அடிக்கலாம். கார்பன் அம்பில் இன்னொன்று: கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் எய்யும்போது சிதறிக் கையில் குத்திவிடும். ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் மெல்ல வளைத்து, காதருகே பிடித்துச் சத்தம் கேட்க வேண்டும். நொறுங்கும் ஓசை கேட்டால் அந்த அம்பு குப்பைக்கே உரியது.

அரையாண்டு விடுமுறையில், எங்கள் உடற்பயிற்சி ஆசிரியையின் உதவியோடு, நான்கு மாலைகள் உட்கார்ந்து அந்த வில்லை டியூன் செய்தோம். வீணையில் ஒரு தந்தியை மாற்றினால் சுருதி சேர்க்காமல் யாராவது கச்சேரிக்கு உட்காருவார்களா? பாட்டு டீச்சரிடம் கேட்டால் சிரிப்பார். வில்லும் தந்தி வாத்தியம்தானே!

முதல் மாலை அம்பையே தொடவில்லை. மேலும் கீழும் உள்ள கேம்களில் போட்டிருக்கும் குறிகள் ஒரே சமயத்தில் தத்தம் இடத்துக்கு வருகின்றனவா என்று பார்த்தோம். நாணும் கேபிளும் நாளடைவில் நீளும். அப்போது ஒரு கேம் முந்தும், மற்றது பிந்தும். அந்நிலையில் எந்த அம்பும் சரியாகப் போகாது. இந்த வேலைக்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவி வேண்டும், தெரிந்தவர் கை வேண்டும்; பிள்ளைகள் தாமாகச் செய்வது கூடாது. நல்ல வேளையாக எங்கள் வில்லில் அது சரியாகவே இருந்தது.

இரண்டாம் மாலைதான் வேடிக்கை. மரச்சட்டத்தில் காகிதத்தை விறைப்பாக ஒட்டி, இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று, காகிதத்தைத் துளைத்துப் பின்னால் உள்ள மெத்தையில் தைக்கும்படி எய்ய வேண்டும். துளையைப் பார்த்தாலே அம்பு எப்படிப் போனது என்று தெரிந்துவிடும். முனை போன இடத்தில் வட்டத் துளை, அதைச் சுற்றி இறகுகள் போட்ட கீறல்கள் மட்டும் இருந்தால் அம்பு நேராகப் போயிற்று. துளை மேல்நோக்கிக் கிழிந்திருந்தால் வால் தூக்கியிருக்கிறது. நாணில் மாட்டும் இடத்தைச் சற்றுத் தாழ்த்த வேண்டும், அல்லது ரெஸ்டை உயர்த்த வேண்டும். பக்கவாட்டில் கிழிந்தால் ரெஸ்டைப் பக்கவாட்டில் நகர்த்தவோ, அம்பின் விறைப்பைக் கவனிக்கவோ வேண்டும். காகிதத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்டவை அரையாண்டுத் தேர்வின் கணித வினாத்தாள்கள். இரண்டாம் பகுதியில் வந்த அந்த வடிவியல் கேள்வியைக் குறிபார்த்து எய்ததில் எங்களுக்கு இருந்த ஆனந்தத்தைக் கணித டீச்சர் மன்னிப்பாராக.

முதல் அம்பு வினாத்தாளை மேலும் பக்கவாட்டிலுமாக ஓர் அங்குலத்துக்கு மேல் கிழித்தது. இரண்டாம் அம்பும் அப்படியே. மூன்றும் நான்கும் அச்சடித்ததுபோல் அதே கிழிசல். இதை எங்கள் வாதத்தின் உயிர்நாடி என்போம். கிழிசல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால் குறை வில்லிலும் அம்பிலும்தான். கை நடுங்குகிறவளோ, பிடியைத் திருகுகிறவளோ, கவனம் சிதறுகிறவளோ எய்தால் ஒரு தரம் இப்படியும் மறுதரம் அப்படியுமாகக் கிழியும். ஒரே தவற்றைப் பத்து முறை அச்சுப் பிசகாமல் செய்ய அலைபாயும் மனத்தால் முடியுமா? அந்தத் தங்கையின் கை எவ்வளவு நிலையானது என்பதை அந்தக் கிழிந்த வினாத்தாள்களே சாட்சி சொல்லின.

பிறகு நடந்ததெல்லாம் பொறுமை வேலை. ரெஸ்டை ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர் நகர்த்தினோம். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து நோட்டில் எழுதினோம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ரெஸ்டை உயர்த்தியதும் மேல்நோக்கிய கிழிசல் மறைந்தது. பக்கவாட்டுக் கிழிசல் பாதிதான் குறைந்தது. விறைப்பைக் குறைக்க வழி இரண்டு: அம்பு நீளமாக இருக்க வேண்டும், முனை கனமாக இருக்க வேண்டும். கடைக்காரர் அம்புகளை வெட்டாமல் முழு நீளத்தில் அனுப்பியிருந்தது எங்கள் அதிர்ஷ்டம்; வெட்டியதை ஒட்ட முடியாதல்லவா? 80 கிரெயின் முனைகளைக் கழற்றிவிட்டு, ஆசிரியை வெளியூரிலிருந்து வரவழைத்த 120 கிரெயின் முனைகளைத் திருகினோம். கிழிசல் ஒரு நகக்கீறல் அளவுக்கு வந்துவிட்டது. முழுதும் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். 500 எண் அம்பு 40 பவுண்டு வில்லுக்குப் பிறந்தது அன்று.

மூன்றாம் மாலை, இறகு ஒட்டாத வெற்று அம்பு ஒன்றையும் இறகுள்ள அம்புகளையும் 18 மீட்டரில் எய்து பார்த்தோம். இறகு என்பது பட்டத்தின் வால்போல. கோணலாகக் கிளம்பிய அம்பையும் இழுத்து நேராக்கிவிடும். அதனால் சிறு குறைகளை மறைத்தும் விடும். வெற்று அம்புக்கு அந்த உதவி இல்லை. அது மற்றவற்றோடு சேர்ந்து தைத்தால் வில் நன்கு அமைந்திருக்கிறது என்று பொருள். எங்களுடையது ஒரு சாண் தள்ளித் தைத்து, மூன்று சிறு திருத்தங்களுக்குப் பின் நான்கு விரற்கடைக்குள் வந்தது. பன்னிரண்டு அம்புகளுக்கும் எண் போட்டுத் தனித்தனியே சோதித்ததில் ஏழாம் எண் மட்டும் எப்போதும் வெளியே போனது. நாக்கைச் (வாயில் உள்ளது அல்ல, அம்பில் உள்ளது!) சற்றுத் திருப்பிப் பார்த்தோம், திருந்தவில்லை. அதை ஒதுக்கிவிட்டோம். நான்காம் மாலை 50 மீட்டரில் நின்று குறிபார்க்கும் சைட்டில் புதிய அடையாளங்கள் போட்டோம். அன்று அவள் எடுத்தது 269. அடுத்த சனிக்கிழமை 272. தெரிவுப் பட்டியல் அதற்குள் தட்டச்சாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் கருத்துக்கு மறுப்புச் சொல்வோரும் உண்டு. "இப்படிச் சொல்லிக் கொடுத்தால் இனி ஒவ்வொரு பெண்ணும் தோற்றவுடன் அம்பைக் குறை சொல்வாளே!" என்று ஒரு தோழியின் தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் சொல்வது, அம்பின்மேல் பழிபோடு என்பதல்ல; சோதித்துப் பார் என்பது. வினாத்தாள் யாருக்கும் வால்பிடிக்காது. கிழிசல் தாறுமாறாக இருந்தால், "பெண்ணே, உன் பிடியைக் கவனி" என்று அதுவே சொல்லிவிடும். எங்களுள் ஒருத்திக்கு அப்படியே சொன்னது. அவள் வாய் திறவாமல் போய் வெறுங்கையோடு பிடிப்பயிற்சி செய்தாள். சோதிக்காமலே மனத்தைக் குறை சொல்வதுதான் தவறு. அதிலும் பெண்பிள்ளை என்றால் உடனே மனம், கவனம், செல்போன் என்று பேச்சு வருகிறது. ஆணியையும் திருகையும் பற்றிப் பேச்சு வருவதில்லை. இது எங்களுக்குச் சிறிது கோபத்தைத் தருகிறது என்பதை மறைப்பானேன்?

"உண்மையான திறமைசாலி எந்த அம்பிலும் எய்வாள்" என்பது இன்னொரு வாதம். கேட்க அழகாக இருக்கிறது. 2023-இல் பெர்லின் உலகப் போட்டியில் ஓஜஸ் பிரவீண் தேவ்தலே 150-149 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்றார். அதே போட்டியில் பதினேழே வயதான அதிதி கோபிசந்த் சுவாமி 149-147 என்று வென்று பெண்களில் உலகச் சாம்பியனானார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கங்களையும் நம் நாடே வென்றது. ஆந்திரத்தின் ஜோதி சுரேகா வெண்ணம் மட்டும் மூன்றில் பங்கு பெற்றார். 50 மீட்டருக்கு அப்பால் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 8 சென்டிமீட்டர், அதாவது ஒரு தேநீர்க் கோப்பையின் வாய் அளவு. அங்கே ஒரு புள்ளி என்பது ஒரு தங்கம். பொருந்தாத அம்பை ஒருவர் கையில் திணித்து அந்த வட்டத்தில் பதினைந்து முறை தை என்று சொல்வதைத் திறமையைச் சோதிப்பது என்று எப்படிச் சொல்வது?

ஜம்மு-காஷ்மீரத்துக் கிஷ்துவார் மாவட்டத்துச் சீதள் தேவியை நாம் எல்லோரும் அறிவோம். கைகளின்றிப் பிறந்தவர். காலால் வில்லைத் தாங்கி, தோளோடு பொருத்திய கருவியால் நாணை இழுத்து எய்கிறார். 2023 ஆசியப் பாரா விளையாட்டில் இரண்டு தங்கம் வென்றார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் கலப்பு இரட்டையரில் வெண்கலம் வென்றார். அவரது சாதனையைச் சொல்லி மற்றப் பிள்ளைகளை வெட்கப்படுத்துவோர், ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் உடலுக்கு ஏற்பக் கருவி அமைக்கப்பட்டது. கருவிக்கு ஏற்ப உடலை மாற்று என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

காம்பவுண்ட் வில் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியாக முதன்முறை சேர்க்கப்பட்டிருக்கிறது. இனி பள்ளிதோறும் இவ்வில்லைக் கேட்கும் பெண்கள் பெருகுவார்கள், அன்பளிப்புகளும் வரும். ஆகையால் எங்கள் வேண்டுகோளை இப்போதே வைக்கிறோம். அம்பு மாற்றினால் இரண்டு வாரம் அந்தப் பெண்ணின் புள்ளிகளைத் தெரிவுக்குக் கணக்கில் எடுக்கலாகாது. போட்டி நெருங்கிவிட்டால் பழைய அம்பே போதும். பழையது என்பதற்காக அது இழிவன்று. ஒரு டஜனில் இரண்டு உடைந்தால், வேறு வகையில் இரண்டைக் கலந்து கணக்கை நிரப்பக் கூடாது. இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்பதும், ஒற்றை உடற்பயிற்சி ஆசிரியை நானூறு பிள்ளைகளைப் பார்க்கிறார் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் காகிதச் சோதனையை நாங்கள் ஐவரும் கற்றுக்கொண்டு, எட்டாம் வகுப்பிலிருந்து வந்த புதிய இருவருக்கும் பழக்கி வருகிறோம்.

அம்பு வாங்கித் தர எண்ணும் பெற்றோர் கடைக்குப் போவதற்கு முன் விளையாட்டு அறைக் கதவின் உட்புறம் பார்க்க வேண்டுகிறோம். அங்கே ஓர் அட்டை ஒட்டியிருக்கிறோம். இரண்டு வில்களுக்கும் எத்தனை பவுண்டு, எய்கிறவர் இழுக்கும் நீளம் எவ்வளவு, எந்த ஸ்பைன் எண், முனையின் எடை, நாக்கின் அளவு என்று எழுதியிருக்கிறது. கீழே சிவப்பு மையில், "அம்பை வெட்டாமல் அனுப்பச் சொல்லவும்" என்றும் இருக்கும். அந்த வரியை எழுதியவள் ஒன்பதாம் வகுப்புத் தங்கைதான். பொங்கலுக்குப் பிறகு வரும் அடுத்த தெரிவுக்கு அவள் பெயர் கொடுத்திருக்கிறாள்.